புருவப் பென்சில் பூசிய விமானம்

மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த அவரை எல்லோரும் கொசு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ, அதாவது கொசு, என்ற விமானத்தின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். வாயைத் திறந்தால் அதுதான். மற்ற விமானங்களை அலுமினியத்தில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைப் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் செய்தார்கள், இரண்டு என்ஜின், பக்கத்துப் பக்கத்தில் உட்கார இரண்டே பேர், எதிரி விமானம் துரத்தினால் வேகத்தாலேயே தப்பித்துவிடும் என்று கால் உடைந்து வந்தவரிடம்கூடச் சொல்வார். கால் உடைந்தவரும், படம் சரியாக விழவேண்டுமே என்று தலையாட்டுவார்.

அந்த விமானத்தைத்தான் அவர் காகிதத்தில் செய்துகொண்டிருந்தார். கெட்டித்தாளில் அச்சடித்து வரும் பாகங்களை வெட்டி, மடித்து, ஒட்டி முடித்தால் இரண்டு உள்ளங்கைகளில் அடங்குகிற ஒரு மாஸ்கிட்டோ. மகள் கல்யாணமாகிப் போனபிறகு அவளுடைய அறை இவருடையதாகிவிட்டது. மூன்று சுவரிலும் அலமாரிப் பலகைகள். இரவில் பறப்பதற்காகக் கறுப்பு அடித்தது, மேலே இருந்து படம் பிடிப்பதற்காக நீலம் அடித்தது, மூக்கில் கண்ணாடி வைத்தது, குண்டு வைக்கிற இடத்தில் ஒரு பயணியைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனது என்று நாற்பதுக்கு மேல் இருக்கும். வருகிறவர்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

அவர் மனைவி கடைத்தெருவில் ஓர் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்த்தாள். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, கிழிந்த முழங்கையைத் தெரியாமல் மூடுவது. அந்த அறைக்கு அவள் வைத்திருந்த பெயர் கொசுக்கூடு. தூசி தட்ட மட்டும்தான் போவாள். நாற்பது விமானத்துக்கும் தூசி தட்டுகிற அளவுக்குப் போன பிறவியில் பாவம் செய்திருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

நகர மண்டபத்தில் காகித மாதிரி செய்கிறவர்களின் கண்காட்சி வரப்போகிறது என்று தகவல் வந்த வாரம் அது. எதைக் கொண்டுபோகலாம் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொசு சார் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நீல விமானத்தைக் கையில் எடுத்தபோது கட்டைவிரலில் ஏதோ ஒட்டியது. பார்த்தால் கரி மாதிரி ஒரு தீற்றல்.

காகிதத்தை வெட்டினால் வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரியும். அதை மறைக்க அதே நிறத்தை ஓரத்தில் பூச வேண்டும். கொசு சார் எப்போதும் வாட்டர்கலரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுப் பூசுவார். காய்ந்துவிட்டால் கையில் ஒட்டாது. இந்த விமானத்தின் சக்கரத்திலும் காற்றாடி இதழ்களிலும் பூசியிருந்தது வாட்டர்கலர் இல்லை. முகர்ந்து பார்த்தார். லேசான வாசனை வந்தது. நன்றாகத் தெரிந்த வாசனைதான், ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். மடிப்புகள் சுத்தமாக இருந்தன. வால் ஒரு நூல் சாய்ந்திருந்தது. இதை நான்தானே செய்தேன்? எப்போது செய்தேன்? பக்கத்தில் இன்னொரு நீல விமானம் நின்றது. ஒரே விமானத்தை எதற்கு இரண்டு முறை செய்தேன்? மற்ற எல்லாவற்றையும் எந்த மழைக்காலத்தில் செய்தேன், எந்தப் பசை சதி செய்தது என்று ஒப்பிக்கக்கூடியவர், இதைப் பற்றி மட்டும் ஒரு சின்ன நினைவுகூட இல்லாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். நம் வீட்டுக்கு யாராவது வந்தார்களா, அந்த அறைக்குள் போனார்களா என்று. அவள் துணி மடித்துக்கொண்டே, அந்த அறைக்குள் போக யாருக்கு வேண்டுதல் என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அவருக்கு அவள்மேல் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. அந்த விமானத்துக்கு எத்தனை என்ஜின் என்றே அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

அப்படியானால் தனக்குத்தான் மறதி என்று முடிவுக்கு வந்தார். அவருடைய பெரியப்பாவுக்குக் கடைசியில் சொந்த மகனே அடையாளம் தெரியாமல் போனது. அது நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து முடிவு எழுதும் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள், வயதில் சின்னவள். அவளிடம் போய், ஒரு நண்பருக்கு மறதி மாதிரி இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அவள் ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று பார்க்கச் சொன்னாள். அவர் அங்கேயே நின்று சிங்கத்தில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் கொசுவையும் சேர்த்துக்கொண்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்கள் நண்பருக்கு ஒன்றும் இல்லை, அப்படியும் பயமாக இருந்தால் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றாள்.

அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தை உடைத்தார். வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன் எடுக்கப்போகிறேன், நான் செய்த விமானமே எனக்கு மறந்துபோகிறது, மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்கேனெல்லாம் வேணாம். உங்க தலைக்கு ஒண்ணும் இல்ல. அதை நான்தான் செஞ்சேன்."

அவர் சோற்றில் கை வைத்தபடியே அவளைப் பார்த்தார்.

"எதை?"

"அந்த நீலத்தை. ஓரத்துக்குப் புருவப் பென்சில் போட்டேன். உங்க கலர் டப்பா எங்க இருக்குன்னு தெரியல."

பிறகு அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். பல வருடத்துக்கு முன்னால், விமானங்கள் இன்னும் கூடத்து அலமாரியில் இருந்த காலத்தில், ஒரு தடவை தூசி தட்டும்போது ஒரு விமானம் கீழே விழுந்தது. பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்ததில் அதன்மேலேயே கால் வைத்துவிட்டாள். அவர் எந்தத் தாளையும் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை அலமாரியின் அடித்தட்டில் வைப்பார். அந்த இரண்டாம் பிரதியை எடுத்து, அவர் வேலைக்குப் போனபிறகு வெட்டி ஒட்டினாள். முதல் தடவை பார்க்கச் சகிக்கவில்லை. இருந்தாலும் பின்வரிசையில் வைத்துவிட்டாள். அவர் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் ஒரு தடவை சன்னல் வழியாக மழைச்சாரல் அடித்து இரண்டு ஊறிப்போயின. இன்னொரு தடவை மின்விசிறியின் காற்றில் ஒன்று பறந்துபோய்ச் சுவரில் மோதியது. பழகப் பழகக் கை படிந்துவிட்டது. ஆல்டரேஷன் கடையில் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதானே என்றாள்.

"மொத்தம் எத்தனை?"

"யாரு எண்ணினா? ஏழெட்டு இருக்கும். பத்துகூட இருக்கலாம்."

"எதெல்லாம்?"

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போனாள். அவரும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார். இது என்னுடையது, இதுவும் என்று மூன்றைத் தொட்டுக் காட்டினாள். நான்காவதாக ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, தெரியவில்லை என்று வைத்தாள். ஐந்தாவதாக அவள் கை நின்ற இடத்தைப் பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது. நடு அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் அவர் வைத்திருந்த கறுப்பு விமானம் அது. வருகிறவர்களிடம் தன்னுடைய கைவேலையிலேயே இதுதான் உச்சம் என்று காட்டுவார்.

"அது நான் செஞ்சது. ஆள்காட்டி விரல்ல பிளேடு பட்டு ரத்தம் வந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

"எனக்கும்தான் ரத்தம் வந்துச்சு" என்றாள் அவள். கோபமாக இல்லை. அவளுக்கே நிச்சயமில்லாத மாதிரிதான் சொன்னாள்.

நீல விமானம் எது உடைந்ததற்குப் பதில் என்று கேட்டார். எதுவும் உடையவில்லை என்றாள். அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வாரம், வீட்டில் சும்மா இருந்தபோது, சும்மா செய்தாளாம். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

அன்றிலிருந்து கொசு சாருக்கு அந்த அறைக்குள் நுழைவதே ஒரு மாதிரியாக இருந்தது. ஒவ்வொரு விமானமும் என்னைச் செய்தது நீயா அவளா என்று அவரையே கேட்டது. சாய்ந்த வாலெல்லாம் அவளுடையது என்று ஒரு கணக்குப் போட்டார். பிறகு, தான் செய்ததாகச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒன்றில் வால் சாய்ந்திருந்ததைப் பார்த்துக் கணக்கைக் கைவிட்டார். அவளுடையது என்று அவளே காட்டிய ஒன்றில் என்ஜின் மூடி பிசிறில்லாமல் உருண்டையாக வந்திருந்தது. தனக்கு அது ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா என்று புரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது.

ஒருநாள் காலையில் கறுப்பு விமானத்தை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நோயாளிகள் வருவதற்கு முன்னால் அதை மேசையில் படுக்கவைத்து, இயந்திரத்தின் கதிர் அளவை இருப்பதிலேயே குறைத்து, ஒரு படம் எடுத்தார். அவர் உள்ளே தாங்கு சட்டங்களை ஒட்டுகிற விதம் தனி. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். திரையில் காகிதம் மூடுபனி மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தது. சட்டம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது இறக்கைக்குள் மூன்று குண்டூசிகள் பளிச்சென்று வெள்ளையாக நின்றன.

பின்னால் டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"பேஷன்ட்டுக்கு என்ன வயசு சார்?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, எண்பதுக்கு மேல் என்றார். அவள் திரையைக் குனிந்து பார்த்து, ஊசியை முழுங்கிவிட்டாரா என்று கேட்டாள். பிறகு செருப்புப் பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, அப்படியானால் இறக்கையை மட்டும் மாற்றியிருப்பேன், ஒட்டுகிற வரைக்கும் குண்டூசி குத்தி வைப்பது என் வழக்கம் என்றாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. உடல் தன்னுடையது, இறக்கை அவளுடையது. அவள் அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"ஆனா ஆரம்பத்துல நீங்களும் என் டப்பாவுல இருந்து குண்டூசி எடுத்துட்டுப் போவீங்களே. அதுக்காக நான் சண்டைகூடப் போட்டிருக்கேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் வாய் வந்தது.

"உடைஞ்சா உடைஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் மறைச்சே?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விளையாடுகிறாரா என்று பார்ப்பது போல இருந்தது.

"சொன்னா நீங்க எப்படி ஆவீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் சொன்னாள். மகளுக்கு ஆறு வயது. கட்டிலின்மேல் ஏறி நின்று ஒரு விமானத்தைப் பறக்கவிட்டாள். அது நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் குழந்தையோடு பேசவில்லை. வீட்டில் யாரோடும் பேசவில்லை. குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வாசலில் நின்று கையாட்டும், அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கால் பட்டு விமானம் நசுங்கியபோது தனக்கு முதலில் நினைவு வந்தது அதுதான் என்றாள்.

கொசு சார் தன்னை ரொம்பச் சாதுவான மனிதர் என்று நினைத்திருந்தார். மருத்துவமனையிலும் அப்படித்தான் பெயர். அழுகிற குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவள் சொன்ன அந்த வாரத்தைத் தலைக்குள் தேடித் தேடிப் பார்த்தார். செய்தித்தாள் இல்லை, வாசல் இல்லை, கையாட்டல் இல்லை. அந்த வருடம் செய்த விமானங்கள் மட்டும் வரிசையாக ஞாபகம் வந்தன.

மகளுக்கு போன் போட்டார். அவள் முதலில் சிரித்தாள். அம்மா அதையெல்லாம் கிளறிவிட்டாளா என்றாள். அம்மா விமானம் செய்வது அவளுக்கு முன்பே தெரியுமாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து எத்தனையோ தடவை பசை காயும்வரை பிடித்துக்கொடுத்திருக்கிறாளாம்.

"நான் உன்னை ரொம்பத் திட்டினேனா?"

"இல்லப்பா. திட்டியிருந்தாப் பரவாயில்ல. என்னைப் பாக்கவே இல்ல."

மகள் அவசரமாக, அதெல்லாம் பழைய கதை, நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்றாள். மறந்தவள் எப்படி உடனே சொன்னாள் என்று அவர் நினைத்தார். மறக்காத தனக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்றும் நினைத்தார். பெரியப்பாவின் வியாதி வந்திருந்தால்கூட இவ்வளவு குழப்பமாக இருந்திருக்காது என்று பட்டது.

கண்காட்சிக்கு எதைக் கொண்டுபோவது என்று அடுத்த சிக்கல் வந்தது. நீல விமானத்தை மனைவியின் பெயரில் வைக்கலாம் என்றார். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அது வெளியே காட்டுவதற்காகச் செய்தது இல்லை என்றாள். கடைசியில் கறுப்பு விமானம்தான் போனது. கண்காட்சி நடத்துகிறவர் ஒரு ஓய்வுபெற்ற மாலுமி. கப்பல் மாதிரிகள் செய்கிறவர், குரல் துறைமுகத்துக்கே கேட்கும். செய்தவர் பெயர் என்ன போடட்டும் என்று கேட்டார். இரண்டு பேர் என்றார் கொசு சார். போட்டியில் ஒரு பெயர்தான் போட முடியும், யாராவது ஒருவரைச் சொல்லுங்கள் என்றார் மாலுமி. கொசு சார் மனைவியைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். போட்டி வேண்டாம், சும்மா பார்வைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். விமானம் ஓரமாக ஒரு மேசையில், இரண்டு கப்பலுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடுவில் நின்றது.

மத்தியானத்துக்கு மேல் மகள் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மேசைக்கு முன்னால் வந்து நின்றதும், அட, இதுதானே அது என்றாள்.

"எது?" என்றார் அப்பா.

"நான் நசுக்கினது. அம்மா திரும்பச் செஞ்சாளே."

மனைவி இல்லையென்று தலையசைத்தாள். நீ நசுக்கியது பச்சையும் சாம்பலும் கலந்தது, அதை உன் அப்பாவேதான் மறுபடி செய்தார், அதற்கப்புறம்தான் உன்னோடு பேசினார் என்றாள். கறுப்புதான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒட்டும்போது என் கையெல்லாம் கறுப்பாகிவிட்டது என்றாள் மகள். இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அந்த விமானத்தின் உள்ளே மூன்று ஊசி இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவர் கவனித்தார். மகள் குனிந்து விமானத்தின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதாகிறது, அலுவலகத்தில் இருபது பேரை வேலை வாங்குகிறாள். அந்த மண்டபத்தில் பக்கத்து மேசைக் கப்பலை அவள் வந்தவுடனேயே தொட்டுப் பார்த்ததை அவர் பார்த்திருந்தார். இந்த விமானத்தின் முன்னால் வந்தபோது மட்டும் கை பின்னால் போயிருந்தது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"எடுத்துப் பாரு" என்றார்.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

"பரவாயில்ல, எடு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அவர் தானே விமானத்தை எடுத்து நீட்டினார். வாங்கித்தானே ஆகவேண்டும், வாங்கினாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல், இறக்கையின் நுனியில் பிடித்தாள். அங்கேதான் பிடிக்கக்கூடாது. காகிதம் சன்னமாக ஒரு சத்தம் போட்டது. இறக்கையின் நுனி நகத்தளவு மடிந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். மகள், ஐயோ அப்பா என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கொசு சார் அசையாமல் நின்று தனக்குள் கோபம் வருகிறதா என்று காத்திருந்தார். நெஞ்சில் ஏதோ இறுகிய மாதிரி இருந்தது. அது கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் புரியவில்லை. அந்தப் பழைய வாரத்திலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ, அப்போதும் தனக்கு ஒன்றும் தெரியாமலே முகம் மட்டும் மாறிப்போயிருக்குமோ என்று தோன்றியது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என் மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மனைவி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"சொல்லத் தெரியல" என்றாள். "ஆனா அவளைத்தான் பாத்துட்டு இருக்கீங்க."

அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மடிந்த நுனியை நகத்தால் நீவி நேராக்க முயன்றுகொண்டிருந்தாள். அது முழுதாக நேராகவில்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றார் அவர். அம்மா அந்தப் பக்கம் என்றாள். எந்தப் பக்கம்தான் என்று கேட்டாள் மகள், விமானத்தைக் கீழே வைக்காமலே.